கேட்டவர்களைத் தேடி: சிங்கப்பூர், மலாயாத் தமிழ் வானொலி குறித்த ஒரு திட்டப்பணி

சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழ் வானொலி வளர்ந்த வரலாற்றைத் தொகுத்து எழுதுவது, ஐவர் அடங்கிய எங்கள் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட திட்டப்பணி. காலம் ஓராண்டு. முடிவில் ஓர் எழுத்தறிக்கையும் அரைமணி நேர ஒலித்தொகுப்பும் ஒப்படைக்கப்படவேண்டும். அவ்வறிக்கையின் சுருக்கத்தை இங்கு மீண்டும் தருவது எங்கள் நோக்கமன்று. ஒலித்த கணத்திலேயே மறைந்துபோகும் ஒன்றின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது, எதனைச் சான்றாகக் கொள்வது, முதியவர்கள் சொன்னவற்றை எந்தத் தமிழில் பதிவு செய்வது என்னும் கேள்விகளே அவ்வோராண்டில் எங்களை மிகுதியும் ஆட்கொண்டன. அவற்றையும் அவற்றுக்கு நாங்கள் கண்ட விடைகளையும் விளக்குவதே இக்கட்டுரை. வகுப்பில் இத்தகைய பணிகளை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும், இனி அவற்றை மேற்கொள்ளவிருக்கும் மாணவர்களுக்கும் இவை பயன்படக்கூடும்.

ஆண்டுகளின் நிரல்

எந்த வரலாற்றுப் பணிக்கும் முதலில் வேண்டுவது ஆண்டுகளின் நிரல். அதனை அமைப்பது கடினமாக இருக்கவில்லை. இருபதுகளில் வானொலி ஆர்வலர்கள் சங்கம் அமைத்துச் சோதனை முயற்சிகள் செய்தனர். பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1936ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1937 மார்ச்சில் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் அதன் நிலையம் முறைப்படி திறக்கப்பட்டது. 1940இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர்ப் போர், ஜப்பானியர் ஆட்சி. போருக்குப் பின் 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயா வானொலி தோன்றிற்று. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் அது ஒலித்தது. 1959 ஜனவரியில் மலாயா வானொலி கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொள்ள, சிங்கப்பூர் வானொலி தனி நிலையமாயிற்று. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது மலாயா வானொலி மலேசிய வானொலியாகப் பெயர் மாறியது. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் டிசம்பரில் கோலாலம்பூரிலும் தொலைக்காட்சி வந்தது. 1980இல் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகமும், 1994இல் சிங்கப்பூர் வானொலிக் கழகமும் அமைந்தன. இன்று சிங்கப்பூரில் ‘ஒலி’ என்றும், மலேசிய அரசு வானொலியில் ‘மின்னல்’ என்றும் வழங்கும் அலைவரிசைகள் இந்த நீண்ட கொடியின் இரு கிளைகளே.

இந்நிரலில் தவறேதும் இல்லை. ஆயினும் இது நிறுவனங்களின் பெயர் மாற்றங்களைப் பற்றிய நிரலே அன்றி வானொலியின் வரலாறு ஆகாது என்று எங்கள் வழிகாட்டி ஆசிரியர் முதற்சந்திப்பிலேயே சுட்டிக்காட்டினார். ‘இதில் கேட்டவர் எங்கே?’ என்பதே அவருடைய கேள்வி. நிலையங்களையும் அலைபரப்பிக் கோபுரங்களையும் பற்றிய செய்திகள் அரசாங்க ஆண்டறிக்கைகளில் உள்ளன. ஆனால், ஒரு தோட்டத்து லயத்தில், மாலை வேளையில், யாருடைய பெட்டியில், எத்தனை பேர், எதனைக் கேட்டார்கள் என்பது அவற்றில் இல்லை. பணியின் திசையை அக்கேள்வியே தீர்மானித்தது.

குரல் ஏன் எஞ்சவில்லை?

ஒரு செய்தித்தாளின் வரலாற்றை எழுதுபவருக்குப் பழைய இதழ்கள் கிடைக்கும். தமிழ் முரசு 1935இல் தொடங்கப்பட்டது. அதன் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் இன்றும் படிக்கலாம். அதே காலத்து வானொலியைக் கேட்க விரும்பினால் வழி அரிது. இந்த வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது.

தொடக்கக் காலத்து ஒலிபரப்பில் பெரும்பகுதி நேரடி ஒலிபரப்பு. அறிவிப்பாளர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து படிப்பார், அவர் படித்தது மின்னலைகளாக மாறி வெளியேறும், அத்துடன் முடிந்தது. பதிவு செய்ய விரும்பினால் அரக்குப் பூசிய தட்டில் ஊசியால் நேரடியாக வெட்டவேண்டும். அத்தகைய தட்டைச் சிலமுறை ஒலிக்கச்செய்தாலே அதன் தடம் தேய்ந்துவிடும். போருக்குப் பின் காந்த நாடா பரவியது. நாடா மிக வசதியானது. அதன் வசதியே பழைய குரல்களுக்குப் பகையாகவும் அமைந்தது. நாடாவில் பதிந்ததை அழித்துவிட்டு மீண்டும் பதியலாம். நாடா விலை உயர்ந்தது. நிகழ்ச்சியோ ஒருமுறை ஒலிபரப்பாகிவிட்டால் அதன் பயன் முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. உலகின் பெரிய நிலையங்களும் இவ்வாறே அழித்து அழித்துப் பதிந்தன. லண்டனிலுள்ள பிபிசியும் இதற்கு விலக்கன்று. ஆகவே, எங்கள் பகுதியில் மட்டும் அலட்சியம் நிலவியது என்று சொல்வது நியாயமாகாது.

எனினும், எதைக் காப்பது என்னும் தேர்வு இருந்தபோது எவை தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை நோக்கவேண்டும். தலைவர்களின் உரைகளும் அரசியல் திருப்பங்களும் காக்கப்பட்டன. சிங்கப்பூரும் மலாயாவும் இணைவது குறித்து 1961 செப்டம்பர் 13 முதல் அக்டோபர் 9 வரை திரு லீ குவான் இயூ ஆற்றிய 12 வானொலி உரைகள் நூலாகவும் வந்தன. 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் காலை 10 மணிக்கு வானொலியில் வாசிக்கப்பட்ட பிரிவினை அறிவிப்பைப் பற்றிப் பள்ளிப் பாடநூல் வழியாக அறியாத மாணவர் இரார். ஆனால் அன்றாடம் ஒலித்த உழவர், மாதர், சிறுவர் நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய வாய்ப்பு கிட்டவில்லை. நாள்தோறும் நிகழ்ந்ததாலேயே அவை அரியனவாகத் தோன்றவில்லை போலும்.

தாளில் பதிந்த வானொலி

குரல் இல்லாதபோது தாளை நாடினோம். வானொலியைப் பற்றிய தாள்கள் நான்கு வகையாக எங்களுக்குக் கிடைத்தன: செய்தித்தாள்களில் வந்த அன்றாட நிகழ்ச்சி நிரல்கள், நேயர்களின் கடிதங்கள், பெட்டி விற்போரின் விளம்பரங்கள், அச்சேறிய நாடகப் பிரதிகள். அவற்றுள் முதலாவது வகையே எதிர்பாராத அளவுக்குப் பயன் தந்தது.

நிகழ்ச்சி நிரலைப் படிப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். ‘இசைத்தட்டு’ என்னும் ஒற்றைச் சொல் அரைமணி நேரத்தைக் குறிக்கும். எப்பாடல், யார் தேர்ந்தார் என்பது அதில் இராது. ஆயினும், ஒரு வாரத்து நிரலை ஒரு கட்டத்தாளில் நேரவாரியாக வரைந்துபார்த்தால் வேறு பல செய்திகள் புலப்படும். தமிழுக்கு எந்நேரம் ஒதுக்கப்பட்டது? அது வேலைக்குச் செல்வோர் வீட்டில் இருக்கும் நேரமா? செய்தி எத்தனை நிமிடம், பாட்டு எத்தனை நிமிடம்? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்ன மாற்றம்? எங்களுள் ஒருவர் இவ்வாறு பல வாரங்களின் நிரல்களை வண்ணம் தீட்டி வரைந்தார். தனித்தனியே படித்தபோது ஒன்றும் சொல்லாத அவை, அடுக்கி வைத்தபோது பேசின. கணினித் தேடலை மட்டும் நம்பாமல், எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய எழுத்துருக்கள் கொண்ட அப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்ததனால்தான் இது இயன்றது. பொறுமை வேண்டிய வேலை. ஆனால் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

விளம்பரங்கள் வேறொன்றைக் காட்டின. ஐம்பதுகளில் டிரான்சிஸ்டர் பெட்டிகள் உலகச் சந்தைக்கு வரும்வரை, வானொலி என்பது வால்வுகள் பொருத்திய, மின்சாரமோ கனத்த மின்கலமோ வேண்டிய ஒரு மரப்பெட்டி. அது கூடத்தில் ஓரிடத்தில் நிலையாக அமர்ந்திருக்கும். கேட்பவர்கள் அதனைச் சூழ்ந்து அமர்வார்கள். டிரான்சிஸ்டர் வந்தபின் பெட்டி மனிதரைத் தேடிச் சென்றது. சமையற்கட்டுக்கும் கடைக்கும் அது இடம்பெயர்ந்தது. குடும்பமாகக் கேட்பது தனித்துக் கேட்பதாக மாறியதற்கு இக்கருவி மாற்றமே தலையாய காரணம் என்பது எங்கள் துணிபு. உரிமக் கட்டணத்தையும் இங்குக் குறிப்பிடவேண்டும். வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் பெறவேண்டிய காலம் ஒன்றிருந்தது. சிங்கப்பூரில் வாகன வானொலிக்கு ஆண்டுக்கு 27 வெள்ளி என்னும் அளவில் அதன் எச்சம் நீடித்து, 2011இல்தான் அக்கட்டணம் நீக்கப்பட்டது.

கேட்பதே குற்றமான காலம்

போர்க்காலத்திற்கு எங்கள் அறிக்கையில் அளவுக்கு மிஞ்சிய இடம் தரப்பட்டுள்ளது என்று மதிப்பிட்டவர் ஒருவர் கூறினார். அதற்கு எங்களிடம் காரணம் உண்டு. வானொலியின் ஆற்றலை மற்றெந்தக் காலமும் இத்துணை வெளிப்படையாகக் காட்டவில்லை.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கு முன்பு கேத்தே கட்டடத்திலிருந்து இயங்கிய மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் இறுதி வாரங்களை, அங்குப் பணியாற்றிய கைல்ஸ் பிளேஃபேர் தம் நாட்குறிப்பு நூலில் எழுதியுள்ளார். அதே கட்டடத்திலிருந்து ஜப்பானியரின் ஷோனான் வானொலி பின்னர் ஒலித்தது. 1943 அக்டோபர் 21இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக ஆசாத் ஹிந்து அரசாங்கத்தைப் பிரகடனம் செய்ததும் அதே கேத்தே கட்டடத்தில்தான். அவ்வரசாங்கத்தின் விளம்பர அமைச்சராக இருந்த எஸ். ஏ. ஐயர், தமிழர்; முன்னர்ச் செய்தியாளராகப் பணிபுரிந்தவர். இந்திய மொழிகள் பலவற்றில் நிகழ்ந்த அவ்வொலிபரப்புகளில் தமிழும் ஒன்று. மலாயாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருள் பலர் இந்திய தேசியப் படையில் சேர்ந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அக்குரல் யாரை நோக்கி ஒலித்தது என்பது விளங்கும்.

மறுபுறம், வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கடுந்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1943 செப்டம்பர் இறுதியில் கெப்பல் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை நேச நாட்டு வீரர் சிலர் தகர்த்தனர். சாங்கி சிறையில் அடைபட்டிருந்தவர்கள் மறைவான வானொலி மூலம் அதற்கு உதவினர் என்று ஐயுற்ற ஜப்பானிய இராணுவக் காவற்படை, அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கி 57 பேரைக் கைதுசெய்து வதைத்தது. அவர்களுள் 15 பேர் மாண்டனர். கப்பல் தகர்ப்புக்கும் அவர்களுக்கும் தொடர்பே இல்லை. ஆனால், அவர்கள் செய்திகேட்கக் கைப்பட அமைத்திருந்த பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. உள்ளங்கை அகலத்தில் உலகைக் கேட்கும் இன்றைய மாணவருக்கு, செய்தி கேட்டதற்காக உயிர்போன நிகழ்ச்சி ஒரு பழங்கதைபோல் தோன்றலாம். எங்கள் ஒலித்தொகுப்பின் பத்து நிமிடங்களை அதற்கே ஒதுக்கினோம்.

தோட்டத்தில் ஒரு பொதுப்பெட்டி

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காடுகளில் இயங்கிய பொதுவுடைமைப் போராளிகளுக்கு எதிராக அரசாங்கம் படையை மட்டும் நம்பவில்லை, குரலையும் நம்பியது. பிற்காலத்தில் பிபிசியின் தலைமை இயக்குநரான ஹியூ கார்ல்டன் கிரீன், 1950 முதல் 1951 வரை மலாயாவில் அவசரகாலச் செய்திப் பிரிவுக்குத் தலைமைதாங்கினார். பொதுமக்கள் கூடிக் கேட்பதற்கான வானொலிப் பெட்டிகள் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பரவலாக வைக்கப்பட்டது இக்காலத்தில்தான். ரப்பர் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழராதலால், தமிழ் ஒலிபரப்பு அத்திட்டத்தின் இன்றியமையாத பகுதியாயிற்று.

எங்கள் குழுவில் கருத்து வேறுபாடு கூர்மையாக எழுந்த இடம் இது. அரசாங்கம் தன் கொள்கையைப் பரப்பக் கையாண்ட கருவி இது. இதனைச் ‘சேவை’ என்று எழுதலாகாது என்றனர் இருவர். தனக்கென ஒரு பெட்டி வாங்கும் வசதி இல்லாத தொழிலாளி தன் மொழியில் பாட்டும் நாடகமும் கேட்டது இதன் வழியாகத்தானே, அவருக்கு அது சேவையாகவே இருந்திருக்கும் என்றனர் வேறிருவர். ஐந்தாமவர் முதியோரிடம் கேட்டுவரலாம் என்றார். கேட்டோம். தோட்டத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டி, அவசரகாலச் செய்தி ஒன்றும் தம் நினைவில் இல்லை என்றும், பாட்டு முடிந்து பேச்சு தொடங்கியதும் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்றும் சொன்னார். அரசாங்கம் பேசிற்று என்பது ஆவணம்; மக்கள் அதனைக் கேட்டார்களா என்பது வேறு. அந்த ஒரு நேர்காணலால் விவாதம் முடிந்துவிடவில்லை. ஒருவரின் நினைவைக்கொண்டு ஒரு சமூகத்தின் அனுபவத்தை முடிவு செய்யலாகாது. ஆதலால் அறிக்கையில் இரு கருத்துகளையும் எழுதி, மூதாட்டியின் கூற்றை அவற்றின் அருகில் வைத்தோம். ஒருமித்த முடிவு இல்லாத பத்தி அது ஒன்றே. அறிக்கையின் நேர்மையான பத்தியும் அதுவே என்று இன்றும் கருதுகிறோம்.

எந்தத் தமிழில் எழுதுவது?

நேர்காணல்களை எழுத்தாக்கத் தொடங்கியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. எங்களிடம் பேசிய முதியவர் ஒருவர், “கித்தா காட்டுல வேல செஞ்சப்ப கிராணி வூட்டுலதான் ரேடியோ பொட்டி இருந்துச்சு, லைசன்சு அவருக்குத்தான் இருந்துச்சு” என்றார். இதனை எழுத்துத் தமிழில், ‘நான் ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தபோது எழுத்தர் வீட்டில் மட்டுமே வானொலிப் பெட்டி இருந்தது, உரிமம் அவரிடமே இருந்தது’ என்று மாற்றலாம். பொருளில் குறையில்லை என்று தோன்றும். ஆனால் குறை உண்டு. ‘கித்தா’ என்பது மலாய்ச் சொல்லிலிருந்து தமிழர் ஆக்கிக்கொண்ட சொல். அது அவர் மலாயாவின் தமிழர் என்பதைக் காட்டுகிறது. ‘கிராணி’ வெறும் எழுத்தர் அல்லர். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்ற அதிகாரம் அவர். வானொலி அந்த வீட்டில் இருந்தது என்பது தோட்டத்தின் சமூகப் படிநிலையையே ஒரு தொடரில் சொல்லிவிடுகிறது. ‘எழுத்தர்’ என்று மாற்றிய கணத்தில் அது மறைகிறது.

அதே வேளையில், பேச்சை அப்படியே அச்சிட்டால் படிப்பவர் அம்முதியவரைக் குறைவாக மதிப்பிடுவாரோ என்னும் அச்சமும் எங்களுக்கு இருந்தது. எழுத்துத் தமிழையே தமிழென்று கருதிப் பழகிய கண்களுக்குப் பேச்சுத் தமிழ் பிழையாகத் தோன்றுவதுண்டு. 2005ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பொதுப் பேச்சுத்தமிழை வகுப்பறையில் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. அந்த வகுப்பறைகளில் படித்தவர்களே நாங்கள். இருந்தும், அச்சில் அதனைக் காணும்போது கை தயங்கியது உண்மை.

இறுதியில் செய்தது இதுதான். நேர்காணலின் முழுப் படியில் பேசியது பேசியபடியே இருக்கும். அறிக்கையில் எங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் அமையும். முதியோரின் சொற்கள் மேற்கோள் குறிக்குள் அவர்களின் பேச்சாகவே வரும். அச்சிடுமுன் அப்பகுதியை அவர்களுக்கே படித்துக்காட்டி ஒப்புதல் பெறுவோம். படித்துக்காட்டியபோது ஒருவர், “நான் இப்படியா பேசினேன்? கொஞ்சம் திருத்திப் போடுங்க தம்பி” என்றார். அவர் கேட்டபடி திருத்தினோம். அவருடைய சொல், அவருக்கே உரிமை.

வானொலியே இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டிருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். செய்தி எழுத்துத் தமிழில் வாசிக்கப்பட்டது. அதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். மத்திய அலை ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்கள் பெரிதும் வெட்டுப்படும். இரைச்சல் கலந்த அவ்வலைவரிசையில் ‘வந்துட்டாரு’ என்பதைவிட ‘வந்துவிட்டார்’ என்பது தெளிவாகக் கேட்கும். நீண்ட வடிவத்தில் ஓர் அசை தேய்ந்தாலும் எஞ்சியது பொருளைக் காக்கும். உச்சரிப்பில் அறிவிப்பாளர்கள் காட்டிய கண்டிப்பையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும். ‘ஒலிபரப்பு’ வானொலியினுடையது, ‘ஒளிபரப்பு’ தொலைக்காட்சியினுடையது. லகரமும் ளகரமும் மயங்கினால் எந்த நிலையம் என்பதே மயங்கிவிடும். (இவ்விரண்டையும் இன்று எங்கள் வகுப்பில் எத்தனை பேர் வேறுபடுத்திச் சொல்வார்கள் என்னும் கணக்கெடுப்பை நாங்கள் மேற்கொள்ளவில்லை. நட்பு கருதி.)

செய்தியறையின் மற்றொரு பணி சொல்லாக்கம். ஆங்கிலத்தில் வரும் அறிக்கையைச் சில நிமிடங்களுக்குள் தமிழாக்கிக் காற்றில் விடவேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேமநிதி, விரைவுச்சாலை, பெருவிரைவு ரயில் போன்ற சொற்கள் செய்தித்தாளும் வானொலியும் பள்ளியும் நாளும் வழங்கியதால் நிலைபெற்றவை. தமிழகத்திலிருந்து வருவோர்க்கு இவற்றுட் சில புதியனவாக இருக்கும். இங்குள்ள முதியவர்க்கு அவை வீட்டுச்சொற்கள். ‘வானொலி’ என்னும் சொல்லே நோக்கத்தக்கது. இந்தியாவில் ‘ஆகாசவாணி’ என்னும் பெயரை ஏற்பதா என்று தமிழகத்தில் நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. இங்கோ ‘வானொலி’யே மக்கள் நாவில் ‘ரேடியோ’வுடன் உடன்பிறந்ததுபோல் வாழ்கிறது.

நாடகங்களில் நிலைமை வேறு. வானொலியில் பணியாற்றிய எழுத்தாளர் புதுமைதாசன் என்னும் பி. கிருஷ்ணன், அறுபதுகளின் இறுதியில் எழுதிய ‘அடுக்கு வீட்டு அண்ணாசாமி’ தொடர் நாடகத்தை எங்கள் பணியின் நடுவில் படித்தோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் அமைந்து, மக்கள் கம்பத்து வீடுகளிலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. அப்புதிய வாழ்க்கையின் இடர்களை நகைச்சுவையோடு காட்டியது அந்நாடகம். பிரதி காக்கப்பட்டமையால் அது பின்னர் நூலாகவும் வந்தது, மேடையும் ஏறியது. தாள் இருந்ததால் நாடகம் பிழைத்தது. எழுதப்படாத நிகழ்ச்சிகளுக்கு, அதாவது நேயர் விருப்பத்திற்கும் நேரடி உரையாடலுக்கும், அந்தப் பேறு இல்லை.

யாருக்காக இந்தப் பணி?

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசும் இந்தியரின் விகிதம் 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 29.2 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் ஆங்கிலம் 41.6இலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. எங்கள் ஐவருள் மூவரின் வீடுகள் இரண்டாவது கணக்கில் அடங்கும். அம்மூவரும் தம் பாட்டியோடும் தாத்தாவோடும் முக்கால் மணி நேரம் இடைவிடாமல் தமிழில் பேசியது, நேர்காணலுக்காக அமர்ந்த அன்றுதான். வானொலியைப் பற்றிக் கேட்டதால் அது எளிதாயிற்று. ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்றால் முதியவர் தயங்குவார். ‘உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருந்தது, யார் திருகுவார்கள், எந்நேரம் அணைப்பார்கள்?’ என்றால் வீடே திறந்துகொள்கிறது. ஒரு பொருளில் தொடங்கும் கேள்வி மனிதரிடம் விரைவில் சென்றடைகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்துபார்க்கலாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவினர் கையாண்டுவரும் முறைகள் நல்ல முன்மாதிரி. செய்வதாயின் மூன்று செய்திகளை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உரக்கச் சொல்லிவிடவேண்டும்: நாள், இடம், பேசுபவரின் ஒப்புதல். பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதப்படுவதே இல்லை.

பணி முடியும் தறுவாயில் ஒரு புதிய வழி புலப்பட்டது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஒலிநாடாப் பேழைகளும், அவற்றில் பதியும் வசதிகொண்ட வானொலிப் பெட்டிகளும் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தன. நேயர்கள் தமக்குப் பிடித்த பாடலைப் பதிந்தபோது, அதன் முன்னும் பின்னும் அறிவிப்பாளரின் குரலும் பதிந்தது; சில வேளைகளில் செய்தியின் தொடக்கமும், விளம்பரமும், நேரம் அறிவிப்பும் கூட. பாடல்தான் வேண்டும் என்று பதிந்தவர்கள் தம்மையறியாமலேயே வானொலியைக் காத்திருக்கிறார்கள். நிலையத்தில் இல்லாத ஒலி நேயரின் அலமாரியில் இருக்கக்கூடும். அறிக்கையை ஒப்படைத்தபின் உறவினர், அண்டைவீட்டார் ஆகியோரிடமிருந்து 11 பேழைகள் பெற்றோம். அவற்றுள் இரண்டில் பூசணம் பிடித்துள்ளது; அவற்றை இயக்கிப் பார்க்கும் முன் முறையாகத் துடைத்தாகவேண்டும் என்பதால் தொடவில்லை. ஒன்பதை மின்னிலக்கமாக மாற்றினோம். ஒரு பேழையின் மேலுறையில் நீல மையால் ‘பொங்கல், நேயர் விருப்பம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஆண்டு இல்லை. அதில் ஓர் அறிவிப்பாளர் ஏறத்தாழ நான்கு நிமிடங்கள் நேயர்களின் பெயர்களை ஊர்வாரியாகப் படிக்கிறார். அந்த ஊர்ப்பெயர்களைக்கொண்டும், நடுவில் கேட்கும் ஒரு விளம்பரத்தைக்கொண்டும் ஆண்டைக் கணிக்கும் வேலையை அடுத்த ஆண்டின் குழுவிடம் ஒப்படைத்திருக்கிறோம்.